கமக்காரர் வீட்டுக்கு வந்த கடை
கனடாவின் ஈற்றன் நிறுவனம் வளர்ந்ததும் வீழ்ந்ததும்

எமது குடும்பங்களில் பலருக்கு ரொறன்ரோ நகரில் ஒரு மகனோ, மகளோ, மருமக்களோ இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் படங்களில், கண்ணாடிக் கூரையின் கீழ் மாடி மாடியாகக் கடைகள் அமைந்த ஒரு நீண்ட கட்டடத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ஈற்றன் சென்ரர். ஆனால் அதற்குள் எங்கு தேடினாலும் ஈற்றன் என்ற பெயரில் இன்று ஒரு கடையும் இல்லை. 130 ஆண்டுகள் வியாபாரம் செய்த அந்தக் கடை 1999 இல் முறிந்து போனது. பெயர் மட்டுமே மிஞ்சியது.

தூரதேசத்துக் கடை ஒன்றின் கதை கமம் செய்யும் குடும்பங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கடையை வளர்த்தவர்களில் பெரும்பகுதியினர் கமக்காரரே. பிறந்த மண்ணை விட்டு, மொழி தெரியாத நாட்டில், வெறும் தரையில் கொட்டில் போட்டுத் தொடங்கியவர்கள் அவர்கள். தாம் ஒருநாளும் கண்டிராத கடைக்காரரை நம்பி அவர்கள் காசு அனுப்பினார்கள். அந்த நம்பிக்கை எப்படி உண்டானது, யாருக்கு நன்மை செய்தது, யாரைக் கைவிட்டது என்பவற்றை நாம் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் கடையும் கடனும் விலையும் இல்லாத வாழ்க்கை எமக்கும் இல்லை.

கடைப் பலகையின் கீழ் படுத்த சிறுவன்

திமோத்தி ஈற்றன் 1834 இல் வட அயர்லாந்தில், பலிமீனா என்ற ஊருக்கு அருகே பிறந்தார். தந்தை குத்தகை நிலத்தில் கமம் செய்தவர். மகன் பிறக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். பதின்மூன்று வயதில் சிறுவன் திமோத்தி, அயலூர்க் கடை ஒன்றில் வேலை பழக விடப்பட்டார். ஐந்து ஆண்டுகள் அங்கேயே வேலை. இரவில் கடைப் பலகையின் கீழ்தான் படுக்கை என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து கொடிய பஞ்சம் நிலவிய காலம் அது. 1845 இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறி நாட்டை விட்டுப் போனார்கள். திமோத்தியும் 1854 இல் கனடாவுக்குப் போனார். அங்கு முன்னரே குடியேறியிருந்த உறவினர்களின் துணையோடு சிற்றூர்க் கடைகளில் வேலை செய்தார். பின்னர் சகோதரர்களோடு சேர்ந்து ஒன்ராறியோ மாகாணத்துச் சிற்றூர்களில் கடை வைத்தார்.

அக்காலத்து ஊர்க்கடை எப்படி நடந்தது என்று நாம் விளக்கத் தேவையில்லை. கமக்காரர் விதைப்புக் காலத்தில் கடனுக்கு வாங்குவார். அறுவடை முடிந்ததும் தானியமாகவோ, வெண்ணெயாகவோ, முட்டையாகவோ கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பார். பொருளில் விலை எழுதப்பட்டிருக்காது. பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு இன்னொரு விலை. கடன்காரருக்கு மூன்றாவது விலை. கடன் வராமற் போகுமோ என்ற பயத்தையும் கடைக்காரர் விலையிலேயே சேர்த்துவிடுவார்.

மூன்று விதிகள்

1869 டிசெம்பரில் திமோத்தி ஈற்றன் ரொறன்ரோவின் யங் வீதியில் ஒரு சிறிய புடைவைக்கடையைத் தொடங்கினார். பக்கத்தில் பெரிய கடைகள் பல இருந்தன. அவர் தமக்கென மூன்று விதிகளை வைத்துக்கொண்டார்.

ஒன்று, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே விலை, அது எழுதி ஒட்டப்பட்டிருக்கும், பேரம் இல்லை. இரண்டு, கைக்காசுக்கு மட்டுமே வியாபாரம், கடன் இல்லை. மூன்று, வாங்கிய பொருள் திருப்தி இல்லையென்றால் காசு திருப்பித் தரப்படும்.

இவற்றை முதலில் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். பாரிசிலும் நியூயோர்க்கிலும் பெரிய கடைகள் சில இதே வழியில் ஏற்கெனவே நடந்து வந்தன. ஆனால் ரொறன்ரோ மக்களுக்கு இது புதுமை. கடனும் பேரமும் இல்லாமல் யார் வருவார்கள் என்று பலர் எண்ணினர். காரியம் வேறுவிதமாக நடந்தது. கடன் கொடாதபடியால் அவருக்கு வராக்கடன் இல்லை. வராக்கடன் இல்லாதபடியால் விலையைக் குறைக்க முடிந்தது. கையில் காசு இருந்தபடியால் இடைத்தரகரை விலக்கி, உற்பத்தி செய்பவரிடமே நேரே மொத்தமாக வாங்கினார். விலை இன்னும் குறைந்தது. ஒரு சிறுபிள்ளையை அனுப்பினாலும் பெரியவருக்குக் கொடுக்கும் விலைக்கே பொருள் கிடைக்கும் என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியது. அவர் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர். தமது கடையில் மதுவும் புகையிலையும் விற்கவில்லை.

புல்வெளிக்கு வந்த புத்தகம்

1884 இல் ஈற்றன் கடை 32 பக்கங்கள் கொண்ட ஒரு சிறு விலைப்பட்டியல் புத்தகத்தை அச்சிட்டது. ரொறன்ரோவில் நடந்த கைத்தொழில் கண்காட்சிக்கு வெளியூர்களிலிருந்து வந்தவர்களுக்கு அது கொடுக்கப்பட்டது. கடைக்கு வரமுடியாதவர் பட்டியலைப் பார்த்துத் தேவையானதை எழுதி, காசையும் தபாலில் அனுப்பினால் பொருள் வந்து சேரும். இதுதான் ஏற்பாடு.

அக்காலத்தில் கனடாவின் மேற்குப் பகுதியிலுள்ள பரந்த புல்வெளிகளில் புதிய குடியேற்றம் நடந்துகொண்டிருந்தது. 1872 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 டொலர் கட்டணம் செலுத்தினால் 160 ஏக்கர் நிலம் பெறலாம். மூன்று ஆண்டுகள் அங்கே குடியிருந்து, ஒரு பகுதியைப் பண்படுத்தினால் அது சொந்தமாகும். உக்கிரேன், ஐஸ்லாந்து, ஜேர்மனி, பிரித்தானியா முதலிய இடங்களிலிருந்து குடும்பங்கள் வந்தன. மரமே இல்லாத இடங்களில் புல்லோடு மண்கட்டிகளை வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். பனிக்காலம் ஆறு மாதம் வரை நீளும். கடைத்தெரு ஒரு நாள் வண்டிப் பயணத்துக்கு அப்பால் இருக்கும்.

இந்தக் குடும்பங்களுக்கு ஈற்றன் புத்தகம் பெரிய துணையாயிற்று. 1905 இல் புல்வெளிப் பிரதேசத்தின் வாசலான வின்னிபெக் நகரில் ஐந்து மாடிக் கடை ஒன்றும் திறக்கப்பட்டது. அங்கிருந்து புகையிரதத்தில் பொருட்கள் மேற்கே போயின. 1914 இல் கனடாத் தபால் திணைக்களம் பொதித் தபால் சேவையைத் தொடங்கியபின் வேலை மேலும் இலகுவாயிற்று. கம்பளிச் சட்டை, சப்பாத்து, தையல் இயந்திரம், அடுப்பு, கலப்பை, பாலிலிருந்து ஆடை பிரிக்கும் இயந்திரம், திருமண உடை என்று வேண்டிய எல்லாம் அதில் இருந்தன. 1910 தொடக்கம் 1932 வரை வீடு கட்டும் வரைபடமும் மரமும்கூட விற்றார்கள். உடம்பின் அளவை எப்படி எடுத்து எழுதுவது என்றும் புத்தகத்தில் விளக்கம் இருந்தது.

புதிய புத்தகம் வந்ததும் பழையது வீசப்படவில்லை. பிள்ளைகள் படத்தைப் பார்த்துப் பொருளின் பெயரைக் கூட்டி வாசித்து ஆங்கிலம் பழகினார்கள். சிறுமியர் படங்களை வெட்டிப் பொம்மை செய்தார்கள். பனியில் பந்தாடும் பையன்கள் முழங்காலுக்குக் கீழே புத்தகத்தைக் கட்டி அடிபடாமல் காத்துக்கொண்டார்கள். மீதித் தாள் மலசலகூடத்துக்குப் போயிற்று.

தான் காணாத கடைக்கு, உழைத்துச் சேர்த்த காசை ஒரு கமக்காரர் ஏன் அனுப்பினார்? பிழையான பொருள் வந்தால் திருப்பி அனுப்பலாம் என்று எழுத்தில் இருந்தது. திருப்பி அனுப்பியவர்களுக்குக் காசும் வந்தது. அடுத்த வீட்டுக்காரர் அதைக் கண்ணால் கண்டார். நம்பிக்கை இப்படித்தான் ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் பரவியது.

ஆயினும் எழுதிய உரிமை எல்லோருக்கும் ஒரேவிதமாகப் பயன்படுவதில்லை. கியூபெக் மாகாணத்து எழுத்தாளர் றொக் கரியே 1979 இல் வெளியிட்ட ஒரு சிறுகதை கனடாவில் எல்லோரும் அறிந்தது. பிரெஞ்சு மொழி பேசும் கிராமத்துத் தாய் ஒருவர் தமது மகனுக்கு மொன்றியல் அணியின் விளையாட்டுச் சட்டை வேண்டுமென ஈற்றனுக்கு எழுதுகிறார். ஆங்கிலப் படிவம் நிரப்ப விரும்பாமல் கடிதமாகவே எழுதுகிறார். வந்ததோ எதிரணியான ரொறன்ரோவின் சட்டை. மகன் அழுகிறான். திருப்பி அனுப்பினால் அந்த ஆங்கிலேயப் பெரியவர் மனம் நோவாரே என்று தாய் தயங்குகிறார். மகன் அதையே போட்டுக்கொண்டு போய் அவமானப்படுகிறான். சிரிக்க வைக்கும் கதைதான். ஆனால் படிவமும் அந்நிய மொழியும் பெரியவர் என்ற பயமும் சேர்ந்தால், காகிதத்தில் உள்ள உரிமையை ஏழைகள் கேட்காமலே விட்டுவிடுவார்கள் என்ற உண்மையும் அதில் உண்டு.

அந்த நிலம் யாருடையது?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. 160 ஏக்கர் வீதம் பிரித்துக் கொடுக்கப்பட்ட அந்தப் புல்வெளி வெறும் நிலம் அன்று. கிறீ, பிளக்பூட் முதலிய ஆதிக்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். அவர்களுக்கு உணவும் உடையும் கூடாரமும் தந்த காட்டெருமைகள் கொன்றொழிக்கப்பட்டன. 1871 தொடக்கம் அரசு அவர்களோடு வரிசையாக உடன்படிக்கைகள் செய்து, அவர்களைக் குறுகிய ஒதுக்கு நிலங்களுக்குள் தள்ளியது. பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஒருவரின் புதிய வாழ்வு, இன்னொருவரின் இடப்பெயர்வின் மேல் கட்டப்பட்டது. இடம்பெயர்வின் வலியை அறிந்த எமக்கு இது விளங்காத காரியம் அன்று.

ஊர்க்கடையின் நியாயம்

ஈற்றன் புத்தகத்தை ஊர்க்கடைக்காரர்கள் வெறுத்தார்கள். தமது ஊர்க் காசு புகையிரதமேறி வின்னிபெக்குக்கும் ரொறன்ரோவுக்கும் போகிறது என்று குறைபட்டார்கள். இதைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது.

விளைச்சல் நன்றாக வந்த ஆண்டில் கையில் காசு இருக்கும். கமக்காரர் ஈற்றனுக்கு எழுதுவார். பனியோ வறட்சியோ பயிரை அழித்த ஆண்டில் காசு இராது. ஈற்றன் கடன் தருவதில்லை. அப்போது மாவுக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊர்க்கடைக்காரரின் கொப்பிதான் தஞ்சம். அவர் விலை கூட என்பது உண்மை. அந்த விலைக்குள் பொருளோடு பொறுத்திருக்கும் காலமும் அடங்கியிருந்தது. நல்ல காலத்தில் அவரை விட்டுவிட்டுக் கெட்ட காலத்தில் மட்டும் தேடிப்போனால், ஒருநாள் அந்தக் கடை பூட்டியிருக்கும்.

மறுபுறம், கடன் கொப்பியை மட்டும் நம்பிய குடும்பமும் பிழைக்கவில்லை. என்ன விலைக்கு எழுதப்படுகிறது என்று தெரியாமலே ஆண்டுக்கணக்காக அறுவடையைக் கடைக்காரருக்குக் கொடுத்தவர்கள் உண்டு. ஈற்றன் புத்தகம் அவர்களுக்கு ஒரு பெரிய உபகாரம் செய்தது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஒரு பொருளின் விலை வேறிடத்தில் என்ன என்று வீட்டிலிருந்தே அறிய முடிந்தது. விலை தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

தைத்தவர்களின் பங்கு

குறைந்த விலையின் இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். ஈற்றன் நிறுவனம் தனது சொந்தத் தொழிற்சாலைகளில் ஆடைகளைத் தைத்தது. தைத்தவர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழை யூதர்கள், பெண்கள் பலர். துண்டுக் கணக்கில் கூலி.

1912 பெப்ரவரியில், மேலங்கிகளின் உட்துணியையும் நீங்களே இயந்திரத்தில் தையுங்கள் என்று 65 ஆண் தொழிலாளருக்குக் கட்டளை வந்தது. அதற்கு மேலதிகக் கூலி இல்லை. அதுவரை அந்த வேலையைக் கையால் செய்து வந்தவர்கள் பெண்கள். ஆண்கள் தைத்தால் அப்பெண்களின் வேலை போய்விடும். அந்த 65 பேரும் மறுத்தார்கள், வேலையை இழந்தார்கள். அவர்களுக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நான்கு மாதம் நடந்த அந்தப் போராட்டம் தோல்வியில் முடிந்தது. 1934 இல் கனடா அரசு விலை வித்தியாசங்கள் பற்றி விசாரிக்க அமைத்த ஆணைக்குழுவின் முன்னும் ஈற்றன் தையற் பெண்கள் தமது கூலி பற்றிச் சாட்சி சொன்னார்கள்.

அதே நிறுவனம் முதலாம் உலகப் போருக்குச் சென்ற தனது ஊழியருள் மணமானவர்களுக்கு முழுச் சம்பளமும், மணமாகாதவர்களுக்கு அரைச் சம்பளமும் வீட்டுக்குக் கொடுத்தது. திமோத்தி ஈற்றன் தமது காலத்தில் இரவு நெடுநேரம் கடை திறந்திருக்கும் வழக்கத்தையும் குறைத்தார். இவை நல்ல செயல்கள். ஆனால் முதலாளி விரும்பித் தருவதும் தொழிலாளி உரிமையோடு பெறுவதும் ஒன்றல்ல. புல்வெளியில் ஒரு தாய் மலிவாக வாங்கிய மேலங்கியின் விலையில் ஒரு பகுதியை ரொறன்ரோவில் இன்னொரு தாய் செலுத்தினாள்.

பெரிய மரம் சாய்ந்தது

திமோத்தி ஈற்றன் 1907 இல் இறந்தார். மகனும் பின்னர் குடும்பத்தைச் சேர்ந்த மற்றவர்களும் கடையை நடத்தினார்கள். 1930 அளவில் கனடாவின் பெரும் பல்பொருட் கடைகளில் நடந்த வியாபாரத்தில் பாதிக்கு மேல் ஈற்றனுடையது. அத்தகைய கடை எப்படி விழுந்தது?

முதலில், மக்கள் மாறினார்கள். கமக்காரர் கார் வாங்கினர், பாதைகள் போடப்பட்டன, பலர் நகரங்களுக்குப் போயினர். தபாலில் வாங்கும் தேவை குறைந்தது. நட்டம் மிகுந்தபடியால் 1976 இல் விலைப்பட்டியல் புத்தகம் நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய 9,000 பேரின் வேலைகள் பாதிக்கப்பட்டன. அதற்கு அடுத்த ஆண்டுதான் ரொறன்ரோவில் ஈற்றன் சென்ரர் திறக்கப்பட்டது. கிராமத்து வாசல் மூட, நகரத்து வாசல் அகலமாகத் திறந்தது.

அடுத்து, நடத்தியவர்கள் தடுமாறினார்கள். 1991 இல், மக்கள் காத்திருந்து வாங்கிய பருவகால மலிவு விற்பனைகளை நிறுத்தி, நாள்தோறும் குறைந்த விலை என்று அறிவித்தார்கள். பழைய வாடிக்கையாளர் விலகினர், புதியவர் வரவில்லை. 1994 இல் அமெரிக்காவின் வோல்மார்ட் நிறுவனம் கனடாவுக்கு வந்தது. இன்னும் பெரியவர் இன்னும் குறைந்த விலையோடு வந்துவிட்டார். ஈற்றன் முன்பு ஊர்க்கடைக்குச் செய்ததை இப்போது வேறொருவர் ஈற்றனுக்குச் செய்தார். 1997 இல் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்க நேர்ந்தது. 1999 இல் நிறுவனம் முறிந்தது. கடன் கொடாமல் தொடங்கிய கடை கடனில் மூழ்கி முடிந்தது.

அதன் கடைகள் சிலவற்றை வாங்கிய சியர்ஸ் கனடா நிறுவனமும் 2018 இல் மூடப்பட்டது. 1670 இல் தோன்றிய ஹட்சன் பே நிறுவனமோ 2025 ஜூன் மாதத்தோடு தனது கடைகள் எல்லாவற்றையும் மூடிவிட்டது. வின்னிபெக்கில் ஈற்றன் கடை இருந்த இடத்தில் இப்போது விளையாட்டு அரங்கு நிற்கிறது. அதற்குள் திமோத்தி ஈற்றனின் வெண்கலச் சிலை அமர்ந்திருக்கிறது. அதன் கால் விரலைத் தடவினால் நல்லது நடக்கும் என்று மக்கள் தடவுகிறார்கள்.

நிலைத்து நின்ற இன்னொரு கடை

அதே புல்வெளியில் கமக்காரர் வேறொரு வழியையும் தேடினார்கள். தானியத்தைத் தாமே சேர்ந்து விற்க 1906 இல் வின்னிபெக்கில் ஒரு நிறுவனம் அமைத்தார்கள். ஊரூராகக் கூட்டுறவுக் கடைகளைத் தொடங்கினார்கள். அக்கடைகளுக்கு மொத்தமாகப் பொருள் வாங்கித்தர 1928 இல் சஸ்கச்சுவான் மாகாணத்தில் ஒரு மொத்த விற்பனைச் சங்கம் உருவானது. அது பின்னர் பிற மாகாணச் சங்கங்களோடு இணைந்து, மேற்குக் கனடாவில் இன்றும் இயங்கி வருகிறது. இலாபம் வந்தால் அங்கத்தவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. நட்டம் வந்தால் காரணம் கேட்கும் உரிமையும் அங்கத்தவருக்கு உண்டு.

கூட்டுறவு என்றால் தானாக நிலைக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. கணக்குக் கேட்க ஆளில்லாத சங்கக்கடை என்ன ஆகும் என்று எமது ஊர்களில் கண்டிருக்கிறோம். ஈற்றன் வாடிக்கையாளர் தமது நம்பிக்கையைக் கொடுத்தார்கள். நல்ல விலையைப் பெற்றார்கள். ஆனால் கடை எவ்வழியில் போகிறது என்று கேட்கும் இடம் அவர்களுக்கு இருக்கவில்லை. எனவே அது மூடப்பட்ட அன்று அவர்களால் பார்த்துக்கொண்டு நிற்க மட்டுமே முடிந்தது.

திமோத்தி ஈற்றனின் மூன்று விதிகளில் இரண்டை நாம் எந்தச் சிறிய கடையிலும் இன்றே கடைப்பிடிக்கலாம். விலையை எழுதி ஒட்டுவதற்கும், பழுதான பொருளை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பதற்கும் பெரிய முதல் தேவையில்லை. கடன் இல்லை என்ற விதிதான் கடினமானது. மீளக்குடியேறி முதலாவது விளைச்சலுக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்குக் கடன் இல்லை என்று சொல்வது, சாப்பாடு இல்லை என்று சொல்வதற்குச் சமம். அங்கே தேவையானது விலையும் தவணையும் இரு பக்கத்தாருக்கும் தெரியும்படி எழுதிய கடன். கொப்பி கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என இரண்டு இருக்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த இரண்டாவது கொப்பியை இன்றைக்கே தொடங்கலாம்.

ஊர்க் கூட்டங்களில் கலந்துரையாட:

1. எமது ஊரில் ஒரே பொருள் வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு விலையில் விற்கப்படுகிறதா? விலையை அறிய எமக்கு என்ன வழி உண்டு?

2. கைக்காசு உள்ளபோது எங்கே வாங்குகிறோம்? இல்லாதபோது எங்கே போகிறோம்? இரண்டும் ஒரே கடையா?

3. பழுதான விதையோ, உரமோ, உபகரணமோ வாங்கிய பின் திருப்பிக் கொடுக்கத் தயங்கியிருக்கிறோமா? எதனால் தயங்கினோம்?

4. எமது சங்கக்கடையின் கணக்கைக் கடைசியாகக் கேட்டுப் பார்த்தது எப்போது?